நார்வேயில் பார்னெஹாகேக்குப் பிள்ளையை அனுப்பும் முன்

நார்வேயில் ஒரு வயதிலேயே பிள்ளைகள் மழலையர் பள்ளியான பார்னெஹாகேக்குப் போகத் தொடங்கிவிடுகிறார்கள். நம் வளர்ப்பு முறைக்கும் அந்த ஊர் முறைக்கும் முதல் உரசல் வருவது பெரும்பாலும் அங்கேதான். அதில் பாதியை முன்கூட்டியே தவிர்க்கலாம்.

மதியத்துக்குப் பல இடங்களில் வீட்டிலிருந்து ஆறிய சாப்பாடுதான், பெரும்பாலும் ரொட்டித் துண்டுகள். இதை 'மாட்பாக்கெ' என்பார்கள். எலுமிச்சை சாதம் கட்டினால் விறைத்துப்போகும். தோசை வாராக இழுபடும். தயிர் விட்டுப் பிசைந்த சப்பாத்தி தாங்கும்: ஒரு கப் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி தயிர், ஒரு தேக்கரண்டி எண்ணெய். சுட்டதும் துணியில் மூடி, ஆறியபின் சீஸ் வைத்துச் சுருட்டி விரலகலத்துக்கு நறுக்குங்கள். பொடி இட்லிக்குப் பொடியில் வேர்க்கடலை சேர்க்காதீர்கள். ஒவ்வாமைக்காகக் கொட்டை வகைகளையே பல இடங்களில் அனுமதிப்பதில்லை.

ஊட்டியே பழகிய குழந்தை அங்கே டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். மூன்று வாரம் முன்பே தினம் ஒரு வேளை தானே எடுத்துச் சாப்பிட விடுங்கள். மற்ற வேளைகளில் ஊட்டுவதில் தவறில்லை, அதை மறைக்கவும் வேண்டாம்.

குளிரில் குழந்தையைத் தள்ளுவண்டியோடு வெளியே தூங்கவைப்பது அங்கே வழக்கம். உடம்பை ஒட்டிக் கம்பளி போடுங்கள்; பருத்தி வியர்வையில் ஊறி அந்த ஈரத்தாலேயே குளிரும். பிடரி வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

இனிச் சொல்வது பலருக்குத் தெரியாதது. நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே புட்டத்திலும் கீழ்முதுகிலும் நீலச் சாம்பல் திட்டு இருக்கும். வெள்ளைத் தோல் குழந்தைகளிடம் இது அரிது. டயபர் மாற்றுபவர் அடிபட்ட கன்றல் என்று நினைக்கலாம். கொடுமை நடக்கிறதோ என்று சந்தேகிக்கக் காரணமிருந்தால் குழந்தைகள் நலத்துறையான பார்னெவேர்னுக்குத் தெரிவிப்பது பார்னெஹாகே ஊழியர்களின் சட்டக் கடமை. குழந்தைநல நிலையமான ஹெல்செஸ்டாஷூனில் செவிலியரிடம் காட்டி, இடம், அளவு, தேதியோடு பதிவு செய்யச் சொல்லுங்கள். அதைச் சேரும் நாளிலேயே பார்னெஹாகேயிலும் சொல்லிவிடுங்கள். கன்றல் நிறம் மாறிச் சில வாரங்களில் மறையும். திட்டு அப்படியே இருந்து, ஆண்டுக்கணக்கில்தான் மங்கும்.

அடிப்பது வேறு விஷயம். 1987 முதல் குழந்தைகள் சட்டம் அதை வெளிப்படையாகத் தடுக்கிறது. லேசான தட்டும் குற்றமே என்று 2010இல் மேலும் தெளிவாக்கினார்கள். இதில் சட்டத்தின் பக்கம்தான் நியாயம். 'அடி வாங்கப்போறே' என்று வாய் வார்த்தையாகச் சொல்வதையும் விடுங்கள்: பிள்ளை அதை அப்படியே நார்வேஜிய மொழியில் சொல்லும், கேட்பவர் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வார்.

பார்னெவேர்ன் கடிதம் வந்தால் பயந்து ஒதுங்காதீர்கள். வந்த புகாரை அவர்கள் ஒரு வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும். விசாரணை தொடங்கினால் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். புரியாமல் தலையாட்டுவதுதான் பெரிய கேடு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள். ஏற்பாடு செய்வது அலுவலகத்தின் பொறுப்பு, உங்களுக்குச் செலவில்லை. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.