ரவுட்டர் தானா அப்டேட் ஆகட்டும், ஆனா என்னைக் கேட்டுட்டு

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அப்பா வந்து எழுப்புனாரு, "டேய், நெட்டு வரலடா, அத்தை வீடியோ கால் பண்றேன்னிருக்கா, என்னன்னு பாரு"ன்னு. போய் பாத்தா ரவுட்டர்ல பவர் லைட் மட்டும் எரியுது, வைஃபை பேரே லிஸ்ட்ல காணோம், கேபிள் சொருகியும் உள்ள போக முடியல. காரணம் நான்தான். ஓப்பன்டபிள்யூஆர்டி (கம்பெனி சாஃப்ட்வேருக்குப் பதிலா ரவுட்டர்ல போடற ஓப்பன்சோர்ஸ் லினக்ஸ் சிஸ்டம்) போட்ட ரவுட்டர், செக்யூரிட்டி அப்டேட் எதுவும் விட்டுப்போகக் கூடாதுன்னு, ராத்திரி மூணு மணிக்கு எல்லா பேக்கேஜையும், அதாவது உள்ள இருக்கற ஒவ்வொரு ப்ரோக்ராமையும், ஓபிகேஜிங்கற இன்ஸ்டால் டூலை வெச்சு அப்கிரேட் பண்ற மாதிரி, சொன்ன நேரத்துல வேலைய ஓட்டற க்ரான்ல ஒரு வரி எழுதி வெச்சிருந்தேன். லினக்ஸ் சர்வர்ல பண்ற பழக்கம், இங்கயும் அப்படித்தானேன்னு நெனச்சுட்டேன்.

அப்படி இல்லைங்க. என் ரவுட்டர்ல மொத்த ஃபிளாஷே, அதாவது சேமிக்கற இடமே, 16 எம்பி. ஒரிஜினல் சிஸ்டம் ஸ்குவாஷ்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டத்துல சுருக்கி வெச்சிருக்கும், அதைப் படிக்க மட்டும்தான் முடியும், மாத்த முடியாது. நாம புதுசா போடறதெல்லாம் ஓவர்லேன்னு மிச்சமிருக்கற சின்ன இடத்துல போய் உக்காரும். ஒரு பேக்கேஜை அப்கிரேட் பண்ணா பழசு அழியாது, கீழ அப்படியே கிடக்கும், புதுசு மேல ஏறும், இப்படியே ஏறி ஏறி நடுவுல இடம் தீந்துச்சுன்னா லைப்ரரி ஒரு வெர்ஷன், அதை நம்பியிருக்கற ப்ரோக்ராம் வேற வெர்ஷன்னு நிக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

பூட் ஆகறப்ப லைட் வேகமா மினுக்கற அந்த சில நொடில ரீசெட் பட்டனை அழுத்துனா ஃபெயில்சேஃப் மோடு வரும், ஓவர்லேய விட்டுட்டு ஒரிஜினல் சிஸ்டத்தை மட்டும் வெச்சு எழுந்திரிக்கற மோடு. குண்டூசிய வெச்சுகிட்டு ரெண்டு தடவை தவற விட்டேன், மூணாவது தடவை மாட்டுச்சு. லேப்டாப்புக்கு கையால 192.168.1.2ன்னு ஐபி குடுத்து, ரவுட்டரோட 192.168.1.1க்கு எஸ்எஸ்ஹெச் வழியா கமாண்ட் அடிக்கற மாதிரி உள்ள போய், ஃபர்ஸ்ட்பூட்ங்கற கமாண்ட் அடிச்சு ஓவர்லேய மொத்தமா அழிச்சேன். கான்ஃபிக் பேக்கப் கையில இருந்ததால அத்தை கூப்பிடறதுக்குள்ள நெட்டு வந்துருச்சு.

அப்போ ஆட்டோ அப்டேட்டே வேணாமா? பிரைவசி பாக்கறவங்க சிலர் அப்படித்தான் சொல்றாங்க, நம்ம பெட்டி நம்மளைக் கேக்காம வெளிய ஒரு சர்வர்கிட்ட பேசக் கூடாதுன்னு. நியாயமான கவலைதான். ஆனா 2018ல விபிஎன்ஃபில்டர்னு ஒரு மால்வேர் 54 நாட்டுல குறைஞ்சது 5 லட்சம் டிவைஸ்ல புகுந்துச்சு, பெரும்பாலும் ஏற்கனவே ஓட்டை தெரிஞ்ச பழைய ஃபர்ம்வேர் (டிவைஸுக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்), அந்த வழியா போற பாஸ்வேர்டையெல்லாம் அது ஒட்டுக்கேட்டுச்சு. அப்டேட்டே போடாம பிரைவசி பேசறது, வாசக்கதவைத் திறந்து போட்டுட்டு ஜன்னலுக்குத் திரை மாட்டற மாதிரி.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது டுரிஸ் ஆம்னியாங்கற ரவுட்டர் பண்ற முறை. செக் நாட்டுல .சிஇசட் டொமைனை நிர்வகிக்கற சிஇசட்.நிக் பண்ணது, உள்ள ஓடறது ஓப்பன்டபிள்யூஆர்டிய அடிப்படையா வெச்ச டுரிஸ் ஓஎஸ். அப்டேட் தானா வரும், ஆனா போடறதுக்கு முன்னாடி பிடிஆர்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டத்துல அப்போதைய நிலைய ஒரு ஸ்னாப்ஷாட்டா எடுத்து வெச்சுக்கும், சொதப்புனா பழைய நிலைக்குத் திரும்பிடலாம். நம்ம அனுமதி குடுத்தாதான் போடணும்னும் செட் பண்ணலாம், இத்தனை மணி நேரம் பதில் வரலன்னா தானா போட்டுக்கோன்னும் விடலாம். மறந்துபோற மனுசனை மனசுல வெச்சு யோசிச்சிருக்காங்க.

அப்டேட் குடுக்கற சர்வர்லயே ஓட்டை இருந்தா? அதுவும் நடந்துச்சு. 2024 டிசம்பர்ல, ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு நம்ம பேக்கேஜ் லிஸ்ட்டுக்கு ஏத்த இமேஜ் (முழு சிஸ்டமும் ஒரே ஃபைலா) செஞ்சு தர்ற சர்வர்ல, ஒவ்வொரு கோரிக்கைக்கும் கைரேகை மாதிரி இருக்கற ஷா-256 ஹேஷை முதல் 12 எழுத்தோட வெட்டி பயன்படுத்துறதை ஒரு ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சாரு. அவ்வளவு சின்னதா இருந்தா வேற ஒண்ணுக்கும் அதே ஹேஷ் வர்ற மாதிரி செய்யலாம், அதோட இன்னொரு ஓட்டையையும் சேத்தா அடுத்தவங்களுக்குப் போக வேண்டிய இமேஜை மாத்தி வெச்சிருக்க முடியும். சொன்ன சில மணி நேரத்துல சரி பண்ணாங்க, என்ன நடந்துச்சுன்னு வெளிப்படையா எழுதவும் செஞ்சாங்க. கோட் திறந்து இருந்ததாலதான் ஒருத்தரால அதைப் படிச்சுக் கண்டுபிடிக்க முடிஞ்சுது.

இப்போ என் ரவுட்டர்ல சனிக்கிழமை சாயங்காலம் ஓவட்ங்கற ஓப்பன்டபிள்யூஆர்டி அப்கிரேட் டூல் செக் மட்டும் பண்ணும், புதுசு ஏதாவது இருந்தா போனுக்கு மெசேஜ் வரும், அவ்வளவுதான், தானா எதையும் போடாது. பேக்கேஜ் தனித்தனியா இல்லாம முழு இமேஜா மாத்தறதால ஓவர்லே நிரம்பற பிரச்சனையும் இல்ல. போடறதுக்கு முன்னாடி பேக்கப், அப்புறம் ரவுட்டர் வயரை யுபிஎஸ்ல மாத்திக்குவேன், ஃபிளாஷ்ல எழுதிட்டு இருக்கறப்ப கரன்ட் போச்சுன்னா ஃபெயில்சேஃப்கூட காப்பாத்தாது. போன சனிக்கிழமையும் மெசேஜ் வந்துச்சு, "அப்பா, அஞ்சு நிமிஷம் நெட்டு இருக்காது"ன்னேன், "நியூஸ் ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சுருடா"ன்னாரு. முடிச்சுட்டேன்.