அப்பாவின் காருக்கு சிசேரியன்

சாவியைத் திருப்பினால் பின்சீட்டுப் பக்கமிருந்து 'ஞொய்ங்' என்று ரெண்டு செகண்ட் சத்தம் வரணும். டேங்குக்குள் இருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பு உயிரோடு இருப்பதற்கு அதுதான் சாட்சி. திண்டுக்கல் பைபாஸில் அது வரவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் காருக்கு அடியில் படுத்து டேங்கை நாலு குத்து விட்டார். ஸ்டார்ட் ஆகிவிட்டது!

அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதைக் குடும்பமே கடைப்பிடிக்கத் தொடங்கினோம். கல்யாண மண்டப வாசலில் மாமா பட்டுவேட்டியோடு படுத்துக் குத்தியது போட்டோகிராபரின் ஆல்பத்திலேயே இருக்கிறது.

குத்துக்கும் மசியாத ஒருநாள், பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போனோம். மெக்கானிக் பாய் காருக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பம்ப்பை மாத்தணும்னா டேங்கைக் கீழ இறக்கணும். அதைத் தாங்குற பட்டை, போல்ட்டு எல்லாம் துருப்பிடிச்சு உக்கிப் போச்சு சார். கை வச்சா முறியும். உள்ள எவ்வளவு இருக்கு?"

"ஃபுல்" என்றார் அப்பா, பெருமையாக.

பம்ப்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். வருஷக்கணக்காக ரிசர்விலேயே ஓட்டி அதைக் காயப்போட்ட மனிதர், அது சாகிற வாரத்தில் 35 லிட்டர் நிரப்பியிருக்கிறார். பெட்ரோல் எடை மட்டும் சுமார் 26 கிலோ.

சில கார்களில் பின்சீட்டுக்கு அடியிலேயே பம்ப்பை எடுக்க ஒரு மூடி வைத்திருப்பார்கள். எங்கள் காரில் இல்லை. "நாமளே வச்சுக்குவோம். மேலேருந்து ஃப்ளோரை வெட்டிரலாம்" என்றார் பாய்.

அப்பா முகம் வெளுத்துவிட்டது. சீட்டில் கடலை தின்னக்கூட விடாதவர். "வெட்டுறதா? பெத்த புள்ள வயித்துல கத்தி வைக்கிற மாதிரில்ல இருக்கு!"

"சிசேரியன்னு நெனச்சுக்கங்க சார்."

சீட்டைத் தூக்கினால் கருகமணி, கொண்டை ஊசி, 2011-லேயே செல்லாமல் போன நாலணா. எல்லாவற்றுக்கும் மேலே கடலைத்தோல். யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை.

டிங்கர் தம்பி உற்சாகமாக, பொறி பறக்கத் தகரம் வெட்டும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாய் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பஞ்சர் கடையே திரும்பியது. காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு ஒன்றரை பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். அதுவும் காற்றைவிட கனம், தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிக்கொள்ளும். இந்த நேரம் பார்த்து, வேடிக்கை பார்க்க வந்த பெரியவர் ஒருவர் பீடி பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தார். அவரை ரோட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான் தம்பி.

பாட்டரி வயரைக் கழற்றியாயிற்று. அடியிலிருந்து அளவெடுத்து, மேலே சாக்பீஸால் கட்டம் போட்டார் பாய். டேங்குக்கும் ஃப்ளோருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். கைத்துளைப்பானின் பிட்டில் டேப் சுற்றினார், அதற்கு மேல் இறங்காமல் இருக்க. நுனியில் கிரீஸ் தடவினார், தகரத்தூள் ஒட்டிக்கொள்ள. பிறகு தகரம் வெட்டுகிற கத்தரியால் மூன்று பக்கம் மட்டும் நறுக்கி, நாலாவது பக்கத்தை மடித்துத் தூக்கினார். சரியாகக் கீழே பம்ப்பு! அப்பாவுக்கே கைதட்டத் தோன்றியிருக்கும், கௌரவம் விடவில்லை.

புது பம்ப்பு போட்டு, வெட்டின ஓரத்துக்கு பிரைமர் அடித்து, மேலே ஒரு தகர மூடியை ரப்பர் வைத்துக் குட்டை ஸ்க்ரூவால் முடுக்கினார்கள். நீள ஸ்க்ரூ போட்டால் டேங்கிலேயே இறங்கிவிடுமாம்.

போன மாதம் காரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போனோம். விலை போட வந்த பையன் சீட்டைத் தூக்கிப் பார்த்து, "ஃப்ளோர்ல ஓட்டை இருக்கு, அஞ்சாயிரம் குறையும் சார்" என்றான்.

"ஓட்டையா? எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் தம்பி அது. கம்பெனியே குடுக்காதது. அஞ்சாயிரம் சேர்த்துப் போடு" என்றார் அப்பா.