பன்னிரண்டு மாதக் கணக்கு

தனியார் கல்லூரி ஒன்றின் விரைவு நர்சிங் பட்டப்படிப்பில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்த அன்று, வீட்டில் பாயசம் வைத்தோம். பிள்ளைகள் தூங்கியபின் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். டெக்சஸுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. மதுரையில் வாங்கிய உயிர்வேதியியல் பட்டம் அதுவரை பீரோவுக்குள்தான் கிடந்தது.

ஏற்கெனவே வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களை 12 முதல் 18 மாதங்களுக்குள் பி.எஸ்.என். எனப்படும் நர்சிங் இளங்கலைப் பட்டதாரியாக்கும் படிப்பு இது. எனக்காகவே செய்துவைத்ததுபோல இருந்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டு மாதம் எனக்கு ஒன்றரை ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது. இந்தியப் பட்டத்தைப் பாடவாரியாக மதிப்பீடு செய்து வாங்க வேண்டும். உடற்கூறியலும் உடலியங்கியலும் ஆய்வகத்துடன் இரண்டு பருவம், நுண்ணுயிரியல், புள்ளியியல், மனித வளர்ச்சி, ஊட்டச்சத்து ஆகிய பாடங்களை முடிக்க வேண்டும். பல கல்லூரிகள் அறிவியல் பாடங்களை ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டும் என்கின்றன. 2005இல் நான் வாங்கிய நுண்ணுயிரியல் மதிப்பெண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன்பின் டீஸ் நுழைவுத் தேர்வு: 170 கேள்விகள், 209 நிமிடங்கள்.

இதற்கு நடுவே நான் செய்த ஒரு காரியத்துக்காக இன்றும் மகிழ்கிறேன். நர்சிங் உதவியாளர் பயிற்சியை முடித்து, ஒரு முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலைக்குப் போனேன். அமெரிக்கச் சட்டப்படி இந்தப் பயிற்சிக்குக் குறைந்தது 75 மணி நேரம். மாநிலங்கள் கூடுதலாகவும் கேட்கும். "பட்டதாரி போய் இந்த வேலையா?" என்று அம்மா தொலைபேசியில் வருத்தப்பட்டார். முதல் சனிக்கிழமை காலையில், மறதி நோயுள்ள ஒரு பாட்டியின் இடுப்பில் பட்டையைக் கட்டி, கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தேன். குதிகாலில் சிவந்திருந்த இடத்தை அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் சிவப்பு மாறவே இல்லை. படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் அது. ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்து, குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தார். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, மகன் எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்தபோது முதுகு நொந்தது, மனம் நிறைந்திருந்தது. இந்த வேலை எனக்கு ஒத்துவரும் என்பது அன்று தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பேன்.

ஆக, செவிலியராவதா வேண்டாமா என்ற கேள்வி முடிந்திருந்தது. எந்த வேகத்தில் என்பதுதான் மிச்சம். நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தைப் பிரித்து எழுதினேன். வகுப்பு 20, மருத்துவமனைப் பயிற்சி பன்னிரண்டு மணி நேரமாக இரண்டு நாள், பயணம் 8, படிப்பு 30. தூக்கத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்கினால் மிஞ்சியது 44. சமையலும் இரண்டு பிள்ளைகளும் அதற்குள் அடங்க வேண்டும். கணவருக்கு மாதத்தில் இரண்டு வாரம் வெளியூர் வேலை. தேறுவதற்கே நூற்றுக்கு 75க்கு மேல் வாங்க வேண்டும். ஒரு பாடத்தில் தவறினால், அடுத்த மாணவர் அணி அந்தப் பாடத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். வேலைக்குப் போகாமல் படியுங்கள் என்று கல்லூரியே எழுதியிருந்தது.

பணமும் உறுத்தியது. கட்டணம் எண்பதாயிரம் டாலரை நெருங்கியது. க்ரீன் கார்டு இருந்ததால் அரசுக் கல்விக் கடன் கேட்கலாம். ஆனால் ஒரு பட்டம் கையில் இருப்பவர்களுக்கு, அது வெளிநாட்டுப் பட்டமானாலும், திருப்பிக் கட்டத் தேவையில்லாத அரசின் பெல் உதவித்தொகை கிடையாது. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது குறைந்த கட்டணத்தில் நடக்கும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரியில், இரண்டு ஆண்டு நர்சிங் படிப்புக்கு இதில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது. இரண்டு வழியிலும் இறுதியில் செவிலியர் உரிமத்துக்காக எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வுதான்: 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். சில பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்.என். கேட்பது உண்மை. நியூயார்க்கில் புதிய செவிலியர்கள் பத்து ஆண்டுகளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று 2017இல் சட்டமே வந்தது. டெக்சஸில் அப்படிச் சட்டம் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே பிறகு முடிக்கலாம்.

என்னுடன் உடலியங்கியல் படித்த தோழி விரைவுப் படிப்பில்தான் சேர்ந்தாள். அவளுடைய மாமியார் வீட்டோடு இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். பதினைந்தே மாதத்தில் முடித்து, இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். அவள் எடுத்தது சரியான முடிவு. எனக்கு முன்னதாகவே சம்பளம் வாங்க ஆரம்பித்துவிட்டாள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

"இடத்தை விட்டுவிட்டால் பிறகு வருத்தப்பட மாட்டாயே?" என்று கணவர் கேட்டார். "நீங்கள் ஊரில் இல்லாத வாரத்தை இதில் எழுதிக் காட்டுங்கள்" என்று நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு மூடிவைத்தார். மறுநாள் மறுப்புக் கடிதம் அனுப்பினேன். இடத்துக்குக் கட்டிய ஐந்நூறு டாலர் திரும்ப வராது, அது வலித்தது.

இப்போது கம்யூனிட்டி காலேஜில் மூன்றாம் பருவம். போன மாதம் மகளுக்கு மூன்று நாள் விடாத காய்ச்சல். கணவர் சிகாகோவில் இருந்தார். இரண்டு வகுப்புகளை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தேன். அவள் தூங்கும்போது, உடன் படிப்பவர் அனுப்பிய குறிப்பை வைத்து இதய மருந்துகளைப் படித்தேன். அடுத்த வாரத் தேர்வில் 84 வந்தது.