ஷவரில் மறுபடியும் தண்ணீர் கொட்டுகிறது

பெங்களூரு போர்வெல் தண்ணீரின் உப்பு ஷவர் துளைகளை அடைத்துவிடுகிறது. எங்கள் வீட்டில் நூல் நூலாகத்தான் வந்துகொண்டிருந்தது. நேற்று கழற்றி வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டேன். வெள்ளைப் படிவு நுரைத்து இளகியது. மிச்சத்தைப் பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன், துளையெல்லாம் திறந்துகொண்டது!

அப்புறம், ஷவரைத் திரும்ப மாட்டும் முன், கசியாமலிருக்க மரையில் சுற்றும் டெஃப்லான் டேப். குழாயின் மரை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் நான்கைந்து சுற்று. மாற்றிச் சுற்றினால் திருகும்போதே பிதுங்கிவிடும், மரையோரம் கசியும். ஸ்பேனர் பிடிக்கும் இடத்தில் துணி சுற்றினால் குரோம் கீறாது.

2024 கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. சொட்டும் குழாயைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. மெயின் வால்வை மூடிவிட்டு, நாளைக்கு சமையலறைக் குழாயின் வாஷரை மாற்றப்போகிறேன்.