சும்மா இருந்தவருக்கும் பங்கு: கிங் கிரிம்சன் ஆல்பங்கள், என் வரிசையில்

ஓர் அடிகூட அடிக்காமல் ஓர் உருப்படிக்கு இசையமைப்பாளராகப் பெயர் வாங்கிய டிரம்ஸ் கலைஞர் ஒருவர் உண்டு. 1973 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமின் கன்செர்ட்கெபாவ் அரங்கில் கிங் கிரிம்சன் என்ற ஆங்கிலேய ராக் குழு மேடையிலேயே கற்பனையாக வாசித்தது 'டிரையோ'. டேவிட் கிராஸின் வயலின், ஜான் வெட்டனின் பேஸ் கிட்டார், குழுவின் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் மெல்லோட்ரானில் (நாடாவில் பதிந்த வாத்திய ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) எழுப்பும் புல்லாங்குழல் ஒலி, அவ்வளவுதான். பில் புரூஃபோர்ட் குச்சிகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அவர் கை வைக்காததே அந்த இசைக்கு அவர் செய்த பங்களிப்பு என்று மற்ற மூவரும் கருதி, அவர் பெயரையும் சேர்த்தார்கள்.

1969 முதல் 2003 வரை இந்தக் குழு வெளியிட்ட 13 ஸ்டூடியோ ஆல்பங்களையும் வரிசைப்படுத்த எனக்கு இந்த அளவுகோலே போதும். விரல் வேகத்தைப் பார்த்தால் அத்தனையும் முதலிடத்துக்கு வந்து நிற்கும். யார் எங்கே சும்மா இருந்தார்கள் என்று பார்த்தால்தான் தராதரம் தெரிகிறது.

முதலிடம் 'ரெட்' (1974). இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது. கிராஸ் விலகிவிட்டார், ஃபிரிப், வெட்டன், புரூஃபோர்ட் மூவர்தான் மிச்சம். ஆல்பம் கடைக்கு வருவதற்குள் ஃபிரிப் குழுவையே கலைத்துவிட்டார். கடைசி உருப்படியான 'ஸ்டார்லெஸ்' 12 நிமிடம். வெட்டன் பாடி முடித்ததும் பேஸில் பதின்மூன்று எண்ணிக்கையில் ஒரு வரி தொடங்குகிறது. சிறுவயதில் மிருதங்கம் கற்றுக்கொண்ட பழக்கத்தில் என் கை தானாகத் தொடைக்குப் போய்விடும்: சங்கீர்ண ஜாதி திரிபுடை, ஒன்பதும் இரண்டும் இரண்டும். அவர்கள் அப்படிப் பிரிக்கவில்லை என்பது தெரியும். என் வசதிக்கு அது. அதன்மேல் ஃபிரிப் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுகிறார். ரெக்கார்டு சிக்கிக்கொண்டதா என்று அடுக்களையிலிருந்து என் மனைவி கேட்டிருக்கிறாள். புரூஃபோர்ட் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டுகிறார், சில சுற்றுகளுக்கு அதுவும் அரிது. ஸ்வரம் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது, டிரம்ஸ் நெருங்குகிறது, பேஸ் உறுமத் தொடங்குகிறது. எல்லாம் உடைந்து இருமடங்கு வேகத்தில் சாக்ஸஃபோன் பாயும்போது, அத்தனை நேரம் அடக்கி வைத்ததற்கெல்லாம் வட்டியோடு கிடைத்துவிடுகிறது. கடைசியில் அந்த முதல் மெட்டு திரும்பி வரும் இடத்தில் யாரும் என்னிடம் பேசக் கூடாது. வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும்.

முந்தைய ஆல்பத்துக்காக வெட்டன் இந்தப் பாட்டைக் கொண்டுவந்தபோது ஃபிரிப்பும் புரூஃபோர்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நல்லவேளை, பாட்டு தப்பித்தது.

இரண்டாவது 'டிசிப்ளின்' (1981). ஏழு வருடம் கழித்துப் புதிய ஆட்களோடு வந்தார்கள்: கிட்டாருக்கு ஏட்ரியன் பெலூவும் பேஸுக்கு டோனி லெவினும். பழைய மெல்லோட்ரான் பிரமாண்டம் சுத்தமாகப் போய்விட்டது. சிம்பலை (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) தொடாமல் வாசியுங்கள் என்று புரூஃபோர்டிடம் ஃபிரிப் கேட்டுக்கொண்டதன் பலனை ஆல்பம் முழுக்கக் கேட்கலாம். 'ஃபிரேம் பை ஃபிரேம்' பாட்டில் இரண்டு கிட்டார்களும் ஏழில், மிசிரத்தில், ஒன்றாகப் போகின்றன. பிறகு ஒன்று மட்டும் பதினான்கு ஸ்வரத்தில் ஒன்றைக் கழித்துவிடுகிறது. சுற்றுக்கு ஒரு ஸ்வரம் தள்ளித் தள்ளிப் பிரிந்து, கடைசியில் சமத்தில் வந்து சேர்கின்றன. அந்த ஒரு ஸ்வரத்தை விட்டதில்தான் பாட்டே இருக்கிறது.

மூன்றாவது 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' (1974). பெரும்பகுதி மேடையில் பதிவானது, கைதட்டலை நீக்கிவிட்டார்கள். 'டிரையோ' இதில்தான் இருக்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' (1969). என் மைத்துனர் இதற்காக என்னோடு ஒரு தீபாவளி முழுக்கப் பேசவில்லை. முற்போக்கு ராக் (progressive rock) என்ற இசை வகையின் பிறந்த நாளே 1969 அக்டோபர் 10 என்பது அவர் கட்சி. இருக்கட்டும். அலறும் முகம் வரைந்த அட்டையும், இயன் மெக்டொனால்டின் மெல்லோட்ரானும், மைக்கேல் ஜைல்ஸின் டிரம்ஸும் யாருக்குத்தான் பிடிக்காது? அந்த முகத்தை வரைந்த பேரி காட்பர், ஆல்பம் வந்த சில மாதங்களில் 24 வயதில் இறந்துபோனார். ஆனால் 'மூன்சைல்ட்' என்று ஒன்று இருக்கிறதே! 12 நிமிடத்தில் பெரும்பகுதி கிட்டத்தட்ட மௌனம். என் அளவுகோல்படி அதைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டும். முடியவில்லை. 'டிரையோ'வில் புரூஃபோர்ட் சும்மா இருப்பது மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே. இங்கே ஒவ்வொருவரும் அடுத்தவர் தொடங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள், யாரும் தொடங்குவதாக இல்லை.

ஐந்தாவது 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' (1973). யெஸ் என்ற இன்னொரு ராக் குழு புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அதை விட்டு இங்கே வந்தவர் புரூஃபோர்ட். பக்கத்தில் தகடும் மணியும் சங்கிலியுமாக ஜேமி மியூர். இந்த ஒரே ஆல்பத்தோடு மியூர் ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்துக்குப் போய்விட்டார். புரூஃபோர்டுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்பது என் ஊகம்.

ஆறு 'லிசர்ட்', ஏழு 'தி பவர் டு பிலீவ்', எட்டு 'ஐலண்ட்ஸ்'. 'லிசர்ட்' (1970) நெரிசலான ஆல்பம்தான், ஆனாலும் கீத் டிப்பெட்டின் பியானோவும், யெஸ் குழுவின் ஜான் ஆண்டர்சன் விருந்தாளியாக வந்து பாடும் பகுதியும் சேர்ந்து அதைக் கரையேற்றிவிடுகின்றன. 'ஐலண்ட்ஸ்' (1971) அழகு. நடுவில் பெண்களைப் பற்றி வரும் ஒரு பாட்டு மட்டும் காது கூசவைக்கிறது. ஒன்பது 'திராக்' (1995): இரண்டு கிட்டார், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ், ஆறு பேர். ஆறு பேரும் ஒரே நேரத்தில் அடக்கமாக இருப்பது நடக்கிற காரியமா? பத்து 'இன் தி வேக் ஆஃப் பொசைடன்', முதல் ஆல்பத்தின் நகல். பதினொன்று 'திரீ ஆஃப் எ பர்ஃபெக்ட் பேர்', பன்னிரண்டு 'பீட்'.

கடைசி 'தி கன்ஸ்ட்ரக்ஷன் ஆஃப் லைட்' (2000). புரூஃபோர்டும் இல்லை, லெவினும் இல்லை. இருக்கும் நால்வரும் மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். டிரம்ஸின் மூலப் பதிவுகள் கிடைக்காததால், டிரம்ஸ் கலைஞர் பேட் மாஸ்டலோட்டோ அவற்றையெல்லாம் புதிதாக வாசித்து 2019இல் மறுபடி வெளியிட்டார்கள். ஒலி எவ்வளவோ தேவலை. ஓரிடம் மேலே ஏற்றலாமா என்று யோசித்தேன். அதற்கு 'பீட்'டைக் கீழே இறக்க வேண்டும், மனம் வரவில்லை.