பன்னிரண்டாவது மூலை

"ஆறு மூலை ஓடுகளை மட்டும் பதித்தால் தரைதானே வரும், சேர்? உருண்டை எப்படி வரும்?"

மட்டக்களப்பில் தாதிய மாணவர்களுக்கு நுண்ணங்கியியல் படிப்பிக்கத் தொடங்கிப் பதினான்கு வருடங்கள் ஆகியிருந்தன. கொப்புளிப்பானும் அக்கியும் உதட்டோரக் கொப்புளமும் ஒரே குடும்பத்து வைரசுகளால் வருபவை என்று பாடத்தைத் தொடங்குவேன். அந்த ஹேர்பிஸ் குடும்பத்தின் மரபுப்பொருளைப் பொதிந்து வைத்திருக்கும் புரதக் கூட்டுக்குக் கப்சிட் என்று பெயர். அதைப் பற்றி ஒவ்வொரு வருடமும் ஒரே வசனத்தைத்தான் எழுதிப் போட்டேன்: "இருபது முகத் திண்மம், 162 குமிழ்கள்." குமிழ்கள் என்பவை கூட்டின் மேற்பரப்பில் ஓடுகள்போலப் பதிந்திருக்கும் புரதத் திரள்கள்; பெரும்பாலானவை ஆறு மூலை கொண்டவை. மாணவர்கள் அந்த வசனத்தை மனனம் செய்து பரீட்சையில் எழுதினார்கள். நானும் புள்ளி போட்டேன். கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி இந்தக் கேள்வியைக் கேட்கும்வரை, அந்த வசனம் எதையும் விளக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

பதில் அவளுடைய வீட்டிலேயே இருந்தது. அவளுடைய பெத்தா, அதாவது பாட்டி, பிரம்புக் கூடை முடைபவர். ஒரு சனிக்கிழமை மண்முனைப் பாலத்தைக் கடந்து போனேன். சீவிய பிரம்பை மூன்று திசையில் ஓடவிட்டு அவர் முடையும்போது ஆறு மூலைக் கண்கள் விழுகின்றன. எவ்வளவு தூரம் முடைந்தாலும் அது பாய் போலத் தட்டையாகவே கிடக்கிறது. கூடையின் சுவர் எழும்ப வேண்டிய இடம் வந்ததும் அவர் ஒரு நாரை விலக்கினார். மிச்சம் ஐந்தையும் சுற்றிப் பின்னி, கண்ணை ஐந்து மூலையாக மூடி இறுக்கினார். பெருவிரலுக்குக் கீழே பின்னல் குவிந்து மேலே எழும்பியது.

"ஐந்து கண் வைக்காமல் கூடை வளையாது, தம்பி. அடியைச் சுற்றி ஆறு இடத்தில் வைக்க வேண்டும்" என்றார்.

வாயையும் அதே மாதிரி மூடி உருண்டையாக்குவதென்றால்? இன்னும் ஆறு வேண்டும். மொத்தம் பன்னிரண்டு. உருண்டை சிறிதோ பெரிதோ, ஆறு மூலைக் கண்கள் எத்தனை இருந்தாலும், ஐந்து மூலைக் கண்கள் பன்னிரண்டுதான். வைரசுக் கூடுகள் இந்தக் கணக்கில்தான் அமைகின்றன என்று டொனால்ட் காஸ்பர், ஏரன் குளுக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1962 இல் எழுதினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1960 இல், வைல்டி, ரசல், ஹோர்ன் ஆகிய மூவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஹேர்பிஸ் கப்சிட்டின் குமிழ்களை எண்ணி 162 என்று சொல்லியிருந்தார்கள். அவற்றில் 150 ஆறு மூலை கொண்ட அறுகுமிழ்கள். மிச்சம் பன்னிரண்டும் இருபது முகத் திண்மத்தின் மூலைகளில் இருப்பவை.

நான் இவ்வளவையும் உற்சாகமாகச் சொல்லி, முழு உருண்டையாக ஒன்று முடைந்து தரக் கேட்டேன். பெத்தா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "எல்லாப் பக்கமும் மூடினால் சாமானை எந்த வழியால் வைப்பது?"

திரும்பி வந்து அன்றிரவே வாசிக்க உட்கார்ந்தேன். பன்னிரண்டு மூலைகளும் ஒரே மாதிரியானவை என்றுதான் என் குறிப்பில் இருந்தது. அது பிழை. பதினொரு மூலைகளில் மட்டுமே ஐந்து மூலை கொண்ட ஐங்குமிழ்கள் இருக்கின்றன. பன்னிரண்டாவதில் வேறொரு புரதத்தின் பன்னிரண்டு பிரதிகள் வளையமாகக் கூடி ஒரு வாயை அமைக்கின்றன. உதட்டோரக் கொப்புளத்தைத் தரும் ஹேர்பிஸ் சிம்பிளெக்ஸ் முதல் வகையில் இது 2001 இல் காட்டப்பட்டது. நான் படிப்பிக்க வருவதற்கு முன்பே தெரிந்திருந்த செய்தி அது. எத்தனையோ பிள்ளைகளுக்குப் பிழையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்த கிழமை முழு வகுப்பையும் இந்தக் கூட்டுக்கே கொடுத்தேன். கட்டுமானம் நடப்பது தொற்றிய கலத்தின் கருவுக்குள். பிரதான கூட்டுப் புரதம் ஆறு ஆறாகக் கூடினால் அறுகுமிழ், ஐந்து ஐந்தாகக் கூடினால் ஐங்குமிழ். ஆக, ஒரே புரதத்தின் 955 பிரதிகள். குமிழ்களுக்கு இடையே மூன்று மூன்று புரதங்கள் சேர்ந்த 320 சிறு கட்டுகள் அவற்றைப் பிணைக்கின்றன. ஆனால் இவை மட்டும் போதாது. மேல்தட்டுக்குக் கொங்கிறீற் போடும்போது கீழே பலகையும் முட்டுக்கம்பும் நிற்பதைப்போல, உள்ளே தாங்கு புரதங்கள் நிற்க வேண்டும். வாயிலிருந்தே கட்டுமானம் தொடங்குவதாகச் சான்றுகள் காட்டுகின்றன. முதலில் உருவாவது உருண்டையான, இளக்கமான கூடு. குளிரில் வைத்தால் அது உதிர்ந்துவிடும். பிறகு கூட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதியம் தாங்கு புரதங்களை வெட்டிக் கழற்றுகிறது. கூடு மூலை மூலையாகத் திரும்பி இறுகுகிறது.

இதையெல்லாம் யாரும் நின்று மேற்பார்க்கவில்லை என்பதுதான் என்னை அதிகம் ஈர்த்தது. சுத்திகரித்த புரதங்களைச் சோதனைக்குழாயில் கலந்தாலே இளக்கமான கூடு தானாக உருவாகிறது. வளைவதற்கான விதி புரதத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. எல்லாக் கூடும் சரியாக முடிவதுமில்லை. தொற்றிய கருவுக்குள் பார்த்தால் தாங்கு புரதம் கழன்று போகாமல் நின்றுவிட்டவையும், எதுவும் ஏறாமல் வெறுமையாகிப் போனவையும், டிஎன்ஏ நிறைந்தவையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

டிஎன்ஏயை வாய் வழியாக உள்ளே தள்ளுவது சக்தி செலவழித்து இயங்கும் ஒரு புரத இயந்திரம். உள்ளே அமுக்கம் ஏறத்தாழ 18 வளிமண்டலம் என்று அளந்திருக்கிறார்கள். அதே ஹேர்பிஸ் குடும்பத்துச் சைட்டோமெகலோ வைரசுக்கு எதிரான லெட்டர்மோவிர் என்ற மருந்து இந்த இயந்திரத்தைத்தான் நிறுத்துகிறது. அமெரிக்காவில் அதற்கு 2017 இல் அனுமதி கிடைத்தது. எங்கள் மாணவர்கள் நோயாளர் விடுதியில் கொடுக்கும் அசைக்ளோவிர் அப்படியல்ல. அது டிஎன்ஏ உருவாவதையே தடுக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அன்று எல்லோருக்கும் ஒரே தடவையில் விளங்கியது.

பெத்தா கடைசியில் உருண்டையை முடைந்து கொடுத்தார், ஒரு மூலையை வாயாக விட்டு. குறுக்களவு 25 சென்றிமீற்றர். உண்மையான கப்சிட் ஏறத்தாழ 125 நனோமீற்றர்; டிஎன்ஏ ஏறத்தாழ 50 மைக்கிரோமீற்றர் நீளம், அதாவது கூட்டின் குறுக்களவைப்போல் 400 மடங்கு. எங்கள் உருண்டைக்குக் கணக்குப் பார்த்தால் 100 மீற்றர் கயிறு, நான்கு மில்லிமீற்றர் தடிப்பில். மீன்பிடிச் சாமான் கடையில் நைலோன் கயிறு வாங்கி வந்தேன். உள்ளே துணி வைத்து மூடிவிட்டு, மாணவர்கள் முறை வைத்துத் தள்ளினார்கள். நாற்பது மீற்றர்வரை இலகுவாகப் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முழமும் திமிறியது. அறுபதுக்கு மேல் ஒருவராலும் முடியவில்லை. பிரம்பு கிறீச்சிட்டது.

கேள்வி கேட்ட அந்த மாணவி வாயைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். உண்மையான கூட்டிலும் டிஎன்ஏ ஏறி முடிந்ததும் சில புரதங்கள் வந்து இந்த வாயை அடைக்கின்றன. அடுத்த கலத்தின் கருத்துளையில் போய்ப் பொருந்திய பிறகுதான் அது திறக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இப்போது எடுக்கட்டுமா, சேர்?" என்றாள்.

எடுக்கச் சொன்னேன்.