டெட்ராய்ட் நாட்குறிப்பு: ஓய்வுபெற்றவர்களின் மருத்துவப் பணம்

டிசம்பர் 12, 2008

ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.), கிரைஸ்லர் போன்ற டெட்ராய்ட் கார் நிறுவனங்களுக்கான மீட்பு மசோதா நேற்றிரவு அமெரிக்க செனட்டில் விழுந்தது. விவாதத்தை முடிக்க 60 வாக்கு வேண்டும், கிடைத்தது 52. பேச்சு முறிந்தது ஒரு தேதி பற்றிய தகராறில். தொழிலாளர்களின் கூலி டொயோட்டா, ஹோண்டாவின் அமெரிக்க ஆலைக் கூலி அளவுக்கு 2009-லேயே இறங்க வேண்டும் என்றனர் குடியரசுக் கட்சியினர். இப்போதைய கூலி ஒப்பந்தம் முடியும் 2011-ல்தான் என்றது தொழிற்சங்கமான யு.ஏ.டபிள்யூ.

"மணிக்கு 70 டாலர் வாங்குகிறார்கள்" என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. அது தவறு. பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் தொழிலாளி கையில் வாங்குவது 28 டாலர் வாக்கில்தான். அவருடைய விடுப்பு, மருத்துவம், ஓய்வூதியத்தோடு, எப்போதோ ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவையும் கூட்டி, இன்று வேலை பார்ப்பவர்களின் மணிகளால் வகுத்தால் 70 வருகிறது. ஆட்குறைப்பு செய்யச் செய்ய, யாருக்கும் ஒரு காசு கூட்டாமலே அந்தத் தொகை ஏறும்.

டிசம்பர் 20, 2008

வங்கிகளுக்காக ஒதுக்கிய நிதியிலிருந்து அதிபர் புஷ் 1,740 கோடி டாலர் கடன் அறிவித்துவிட்டார்: ஜி.எம்.முக்கு 1,340 கோடி, கிரைஸ்லருக்கு 400 கோடி. நிபந்தனைகளில் முக்கியமானது மருத்துவ அறக்கட்டளை பற்றியது.

2007 ஒப்பந்தத்தில், ஓய்வுபெற்றவர்களின் மருத்துவப் பொறுப்பைத் தனி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கச் சங்கம் சம்மதித்தது. அதற்கு ஈடாக நிறுவனங்கள் பெருந்தொகை கட்ட வேண்டும். இப்போது அந்தப் பாக்கியில் பாதியை ரொக்கமாக அல்ல, பங்காக வாங்கிக்கொள் என்கிறது அரசு. நோயாளியின் மருந்துச் செலவு இனி கார் விற்பனையை நம்பி நிற்கும்.

மார்ச் 31, 2009

ஜி.எம். தலைவர் வேகனர் விலகினார். இரண்டு நிறுவனங்களும் கொடுத்த மீட்சித் திட்டங்களைப் புதிய அதிபர் ஒபாமா ஏற்கவில்லை. கிரைஸ்லருக்கு 30 நாள், ஜி.எம்.முக்கு 60 நாள் கெடு.

மே 1, 2009

கிரைஸ்லர் திவால் மனு போட்டுவிட்டது. சொத்தை ஈடாகப் பிடித்து 690 கோடி டாலர் கடன் கொடுத்தவர்களுக்கு 200 கோடி. ஈடே இல்லாத அறக்கட்டளைக்கு 55% பங்கும் 460 கோடிக்குக் கடன் சீட்டும். அநியாயம் என்கிறார்கள். இதன் வழிமுறையைப் பார்க்க வேண்டும். நல்ல சொத்துகளைப் புது நிறுவனம் வாங்குகிறது. 200 கோடி அந்தச் சொத்துக்கான விலை, அது ஈட்டுக்காரர்களுக்குப் போகிறது. அறக்கட்டளைக்குத் தருவது பழைய நிறுவனம் அல்ல, வாங்குகிற புது நிறுவனம். ஆள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால், எந்தப் பாக்கியைச் சுமப்பது என்று அதுவே தேர்ந்தெடுக்கிறது. உதிரிபாகம் தருபவர்களின் பாக்கியைத் தீர்ப்பதும் இதே காரணத்தால்தான். அதை யாரும் குறை சொல்வதில்லை.

ஜூன் 1, 2009

ஜி.எம்.மும் திவால் நீதிமன்றத்தில். புது நிறுவனத்தில் அமெரிக்க அரசுக்கு 60.8%, கனடாவுக்கு 11.7%, அறக்கட்டளைக்கு 17.5%, பழைய கடன் பத்திரக்காரர்களுக்கு 10%.

அறக்கட்டளைக்கு வர வேண்டியிருந்தது சுமார் 2,000 கோடி. பங்கு போக, 250 கோடிக்குக் கடன் சீட்டும், 9% ஈவுத்தொகை தரும் 650 கோடி முன்னுரிமைப் பங்கும் தருகிறார்கள். ஆண்டுக்கு 58.5 கோடி உறுதியாக வரும். மற்றது பங்கின் விலையைப் பொறுத்தது. ஓய்வுபெற்றவர்களுக்குப் பல், கண் சிகிச்சைக் காப்பீடு போய்விட்டது. 2015 வரை கூலிக்காக வேலைநிறுத்தமும் கிடையாது. சங்கத்தில் வாக்களித்தவர்களில் 74% பேர் இதை ஏற்றிருக்கிறார்கள். வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை என்பதே என் எண்ணம்.

ஜூலை 10, 2009

நாற்பதே நாளில் புது ஜி.எம். வெளியே வந்துவிட்டது. "சங்கம் முதலாளி ஆகிவிட்டது" என்று எழுதுகிறார்கள். ஆகவில்லை. பங்கு சங்கத்திடம் இல்லை, அறக்கட்டளையிடம் இருக்கிறது. அதற்கு ஒரே ஓர் இயக்குநரை முன்மொழியும் உரிமைதான், வாக்கையும் மற்றப் பங்குதாரர்கள் போடும் விகிதத்திலேயே போட வேண்டும். 2010 ஜனவரி 1 முதல் மருத்துவமனை ரசீதுகள் அதன் மேசைக்கு வரும். பங்கோ இன்னும் சந்தையிலேயே இல்லை.